அரைக் கோழியும் பிலாக்கொட்டையும்

ஹெந்தளை, 2022 ஒக்டோபர் 1, சனி

புரட்டாதிச் சனி. இன்றைக்கு எப்படியும் மரக்கறிதான். நேற்று வந்த புள்ளிவிபரப்படி, செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். போன வருசம் ஆயிரம் ரூபாயில் வந்த சாப்பாட்டுச் சாமானுக்கு இப்போது கிட்டத்தட்ட இரண்டாயிரம் வேண்டும். நாட்டில் 63 இலட்சம் பேருக்கு அடுத்த வேளைச் சாப்பாடு நிச்சயமில்லை என்று ஐ.நா. உணவு அமைப்புகள் சொல்கின்றன. எங்கள் வீட்டில் இன்னும் அடுப்பு எரிகிறது. எதையும் வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒக்டோபர் 2, ஞாயிறு

கோழி கிலோ ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அரைக் கிலோ வாங்கிச் சின்னத் துண்டுகளாக வெட்டி, உருளைக்கிழங்கும் பிலாக்கொட்டையும் போட்டுக் கறி வைத்தேன். மாமி ருசி பார்த்துவிட்டு, "எலும்பின்ரை சாரம் குழம்பிலை இறங்கியிருக்கு பிள்ளை, காணும்" என்றா. கொட்டை, பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா மணலுக்குள் புதைத்து வைத்திருந்து தந்தது. பாணந்துறை ஆதர் வி. டயஸ், பத்து இலட்சம் பிலாமரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி 'கொஸ் மாமா' (பிலா மாமா) என்று பேர் பெற்றவர். அவரைப் போன்றவர்கள் பஞ்சத்தை நினைத்து வைத்த மரம் இன்றைக்கும் சோறு போடுகிறது.

ஒக்டோபர் 5, புதன்

இறைச்சியைக் குறைத்தால் மட்டும் காசு மிஞ்சாது. அதற்குப் பதிலாக வாங்கும் கீரையும் கத்தரிக்காயும் இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் சீக்கிரம் வாடிவிடும். எறிந்தால் மிச்சம் பிடித்ததும் போச்சு. இன்றைக்குச் சந்தைக்குப் போகவில்லை. பீட்ரூட் இலையில் வறை, வாழைக்காய்த் தோலில் சம்பல். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். காலையில் மரக்கறி மிச்சங்கள், தேங்காய்ப்பால், பச்சைமிளகாய், வெங்காயம், தேசிக்காய்ப் புளி சேர்த்தால் பழங்கஞ்சி. மாமிக்கு அதைவிடப் பெரிய விருந்தில்லை.

ஒக்டோபர் 9, ஞாயிறு, போயா

பௌர்ணமி என்பதால் இறைச்சிக் கடைகள் பூட்டு. வீணாகி எறிகிற சாப்பாடு எங்கே போகிறது என்று யோசித்தேன். 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பின் குப்பை குவிந்திருந்த மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு கொழும்பின் குப்பை எங்கள் பக்கத்துக் கெரவலப்பிட்டியவுக்கு வருகிறது. 2021இல் அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையமும் திறந்தார்கள். ஆனால் கொழும்புக் குப்பையில் பெரும்பங்கு ஈரமான சமையற் கழிவு. அது இலேசில் எரியாது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எறிகிற சோறு எங்கள் ஊர்க் காற்றில் நாறுகிறது.

இந்தக் கிழமை இறைச்சியைப் பாதியாக வாங்குங்கள். மரக்கறியை இரண்டு நாளுக்கு மட்டும் வாங்குங்கள். அது முடியும்வரை சந்தைப் பக்கம் போகாதீர்கள்.