வீட்டுக்கு வந்த ஸர்வர்

"ஸர்வர்" என்னும் பதத்தைக் கேட்டதும் தமிழ் நாட்டில் பிறந்தவர்களுக்கு ஹோட்டலும் இட்லியுமே நினைவுக்கு வரும். ஆகையால், "சித்தப்பா, நம் வீட்டில் ஒரு ஸர்வர் வைத்துக்கொண்டால் என்ன?" என்று நம் தமையனார் குமாரி கேட்டபோது, குன்னூரில் விற்கும் விலைவாசியில் அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்று நாம் கவலைப்பட்டதில் ஆச்சரியமில்லை.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. சிறு தேயிலை விவசாயிகள் சிலர் தங்கள் தூளை நேரே விற்பதற்கு ஒரு வலைத்தளம் வைத்திருக்கிறார்கள். அதில் ஊர்ப் பெயர்களைத் தமிழில் காட்டும் பொறுப்பை, கல்லூரியில் நிரல் எழுதக் கற்று வரும் அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். "நேரே அங்கேயே திருத்திவிடேன்!" என்று யோசனை சொன்ன மகானுபாவர் நாம்தான். ஒரு அரைப்புள்ளி விட்டுப் போயிற்று. பக்கம் முழுதும் வெளுத்துவிட்டது. மறுநாள் காலை வரையில் ஒரு ஆர்டரும் வரவில்லை. "பரவாயில்லை அம்மா, கற்றுக்கொள்ளும் பிள்ளைதானே!" என்றார் பெரியவர் ஒருவர். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் நமக்கு அவ்வளவு வருத்தம் இருந்திராது.

தேயிலைக் குச்சியைக்கூட நம் மலையில் யாரும் நேரே தோட்டத்தில் ஊன்றுவதில்லை. நிழற் பந்தலின் கீழ், மண் நிரப்பிய பையில் பல மாதம் வளர்த்த பிறகே நடுகிறார்கள். நிரலுக்கும் ஒரு நாற்றங்கால் வேண்டாமா?

பரணிலிருந்த பழைய கணிப்பொறி இறங்கிற்று. அதில் லினக்ஸ் ஏறிற்று, அதன்மேல் அப்பாச்சி. எல்லாம் இனாம். அப்பாச்சி முதன்முதல் வெளிவந்த 1995-ம் வருஷத்தில்தான், ஆகஸ்டு 15-ந் தேதி, நம் தேசத்துப் பொது ஜனங்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது. கேட்பவர் முன் கேட்ட பக்கத்தைக் கொண்டுவந்து வைப்பதே இந்த ஸர்வரின் உத்தியோகமும். உள்ளே சமையற்கட்டில் இருப்பது டேட்டாபேஸ். விலாசம் 127.0.0.1; அதாவது, தன் வீட்டுக் கதவைத் தானே தட்டுவது! வெளியார் எவரும் உள்ளே வர முடியாது. ஐப்பசி மழையில் மண் சரிந்து மூன்று நாள் இணையம் அறுந்தபோதும் வேலை நிற்கவில்லை.

ஒரு நாள் நம் இல்லத்தரசி மாவு அரைப்பதற்காக அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். உலகத்தின் முதல் வலை ஸர்வரை ஜினீவா அருகே ஸெர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் 1990-ல் அமைத்த டிம் பெர்னர்ஸ்-லீக்கும் இந்தப் பயம் இருந்திருக்கிறது. அணைக்க வேண்டாமென்று சிவப்பு மையில் எழுதி யந்திரத்தின்மேல் ஒட்டியிருந்தாராம். நாமும் ஒட்டினோம். கிரைண்டர் வேறு இடம் பார்த்துக்கொண்டது.

தளத்தின் நகலை வீட்டு ஸர்வரில் ஏற்றித் தமிழில் எழுதிப் பார்த்தால், ஊர்ப் பெயர்கள் அனைத்தும் கேள்விக் குறிகளாக வந்து நின்றன. பழைய அட்டவணை ஆங்கில எழுத்துக்காக அமைத்தது. தமிழை அதற்கு அடையாளம் தெரியவில்லை. யு.டி.எப்.8 முறைக்கு அதை மாற்றுவதற்குள், அந்தப் பெண் பதினொரு முறை டேட்டாபேஸைப் பாழாக்கினாள். பதினொரு முறையும் அழித்துவிட்டு நகலைத் திரும்ப ஏற்றினாள். எந்த விவசாயிக்கும் ஒரு காசு நஷ்டமில்லை.

பன்னிரண்டாம் முறை சரியாக வந்ததும் உண்மைத் தளத்துக்குக் கொண்டுபோனாள். அன்று மாலை அந்தப் பெரியவர் தமது கைபேசியில் தம் ஊரின் பெயரைத் தமிழில் கண்டு, வாய்விட்டு இரண்டு தடவை படித்தார். பிறகு, கால் கிலோ தூளை நம் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.