கடைமடையில் பூக்கும் உப்பு

நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை. வேளாங்கண்ணியைத் தாண்டினால் இடது கைப்பக்கம் கடல், வலது கைப்பக்கம் வயல். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை இது. தெற்கே போனால் வேதாரண்யம் உப்பளங்கள். 1930-ல் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் உப்பு அள்ளிய மண். ஒருவருக்குச் சோறு போடும் அதே உப்புதான், பக்கத்து வயல்காரருக்கு எமன்.

'நாற்று நுனி கருகுகிறது, யூரியா போட்டும் பச்சை கட்டவில்லை. என்ன நோய்?' என்று கடலோர வாசகர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் ஐப்பசியில் கிளம்பினோம்.

திருப்பூண்டிக்குத் தெற்கே ஒரு நாற்றங்கால். வரப்போரம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ''ரெண்டு தடவை விதை விட்டாச்சு சார். ரெண்டும் போச்சு. கையில இருக்குறது இன்னும் ஒரு தடவைக்கான விதைதான்'' என்றார் வயல்காரர். ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தோம். வேர் குட்டை. அடி இலைகளின் நுனி கருகி, குருத்து மட்டும் பச்சையாக இருந்தது.

இது நோயல்ல, உப்பின் வேலை. மண்ணில் உப்பு கூடினால், வயலில் தண்ணீர் நின்றாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. பயிர் தண்ணீருக்குள் நின்றே தாகத்தில் வாடும். அதோடு சோடியம் உள்ளே ஏறி, முதலில் முதிர்ந்த இலைகளில் சேர்ந்து நுனியைக் கருக்கும். பயிருக்கு வேண்டிய சாம்பல்சத்தையும் எடுக்கவிடாது. யூரியாவை அள்ளிப் போட்டால் பாரம் இன்னும் கூடும்.

நெல் முளைக்கும்போதும் தூர் கட்டும்போதும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். இளநாற்றுப் பருவத்திலும், கதிர் உருவாகிப் பூக்கும் பருவத்திலும் தாங்காது. பூக்கும்போது உப்பு ஏறினால் கதிர் வரும், மணி பிடிக்காது, பதர்தான் மிஞ்சும். மண்ணின் மின்கடத்துத்திறன் 3 டெசிசைமன்ஸைத் தாண்டினால், கூடும் ஒவ்வோர் அலகுக்கும் நெல் மகசூல் சுமார் 12 சதவிகிதம் குறையும். மக்காச்சோளம் 2-க்கு முன்பே துவளும். கோதுமை 6 வரையிலும், பார்லி 8 வரையிலும் தாங்கும்.

நாலு வயல் தள்ளி, ஒரு பாட்டியின் நிலத்தில் பயிர் தெளிவாக நின்றது. குழியடிச்சான். ''எங்க மாமனார் காலத்து நெல்லு தம்பி. விளைச்சல் கம்மிதான், ஆனா கைவிடாது'' என்றார். உப்பைத் தாங்குவதற்குப் பேர்போன பாரம்பர்ய ரகம் அது.

2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த வயல்கள் பல, அடுத்தடுத்த மழையில் உப்புக் கழுவப்பட்டு மீண்டும் விளைந்தன. அதில்தான் வழி இருக்கிறது. வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உழுது கலக்கி, வடிகாலில் வடித்துவிட வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தால் உப்பு இறங்கும். நாற்றங்காலை நல்ல தண்ணீர் உள்ள மேட்டு நிலத்தில் அமைத்து, சற்று முதிர்ந்த நாற்றை நெருக்கி நடலாம். கோடையில் தக்கைப்பூண்டு விதைத்து, மடக்கி உழலாம்.

ஒரு எச்சரிக்கை... உவர் வேறு, களர் வேறு. ஜிப்சம் களர் நிலத்துக்கான மருந்து. வெறும் உவர் நிலத்தில் கொட்டினால் காசுதான் கரையும். திருச்சி 1, திருச்சி 3 ரகங்களும் களர் நிலத்துக்காக வந்தவை. எனவே, மண் பரிசோதனை செய்துவிட்டே செலவு செய்யுங்கள்.

''மூணாவது தடவை விடலாமா சார்?'' என்று கேட்டார் வயல்காரர். ''இங்கே வேண்டாம். குளத்தங்கரை மேட்டில் விடுங்கள்'' என்றோம். பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, மடையை அடைக்க ஓடினார்.