மன்னிப்பை ஆடிக் காட்டியவர்கள்

ஒரே நூலைப் பன்முறை படிப்பவரை உலகம் அறிஞர் என்று போற்றுகிறது. ஒரே நாட்டிய நாடகத்தைப் பன்முறை காண்பவரையோ வேலையற்றவர் என்று நகைக்கிறது. 'கதை தெரிந்ததுதானே? முடிவும் தெரிந்ததுதானே? பின்னும் ஏன் பார்க்கிறீர்கள்?' என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. மேலைநாட்டு பாலே நடனத்தின்மீது எனக்குள்ள பற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுப் பழக்கம். உரோமையில் பயின்ற நாள்களில், மாணவர் கைக்கு எட்டும் விலையில் கிடைத்த மேல்மாடத்து இருக்கையில் அமர்ந்து 'ஜிசெல்' என்னும் பாலேயை முதன்முதலாகக் கண்டேன். அதன்பின் அரங்கிலும் ஒளிப்பதிவுகளிலுமாக எத்தனை முறை கண்டேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. ஆனால், ஏன் கண்டேன் என்பதற்கு விடை உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கதை எளியது. ஜிசெல் ஓர் உழவர்குலப் பெண், நடனத்தில் அளவிறந்த ஆசை கொண்டவள், இதயம் நலிந்தவள். ஆல்பிரெக்ட் என்னும் பிரபு சிற்றூர் இளைஞன்போல் வேடமிட்டு வந்து அவள் அன்பைப் பெறுகிறான். பத்தில்டு என்னும் சீமாட்டியோடு அவனுக்கு முன்னரே மண ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. ஜிசெல்மீது மெய்யான அன்பு கொண்ட வேட்டைக்காவலன் ஹிலாரியன், பிரபுவின் வாளைக் கண்டெடுத்து உண்மையை ஊரறியச் செய்கிறான். ஜிசெல் சித்தம் கலங்கி, அங்கேயே உயிர் துறக்கிறாள். இது முதல் அங்கம்.

இரண்டாம் அங்கம் நள்ளிரவுக் காட்டில், அவள் கல்லறையருகே நிகழ்கிறது. மணநாள் காணாமல் மாண்ட கன்னியரின் ஆவிகள் அங்கே உலவுகின்றன. அவற்றிற்கு 'விலி' என்று பெயர். நம் மொழியின் 'வில்லி'க்கும் இச்சொல்லுக்கும் உறவில்லை. எனினும் பெயர்ப் பொருத்தம் கச்சிதமாகத்தான் இருக்கிறது! தம் எல்லைக்குள் அகப்பட்ட ஆடவனை உயிர் போகும்வரை ஆட வைப்பது அவற்றின் வழக்கம். ஹிலாரியன் அவ்வாறே மடிகிறான். அடுத்து ஆல்பிரெக்ட் சிக்குகிறான். அவனை அழிக்க எல்லா நியாயமும் உடைய ஜிசெலோ, விடியற்காலை மணி ஒலிக்கும்வரை அவனுக்குக் காவலாக நின்று அவனைக் காப்பாற்றுகிறாள்.

இப்படைப்பு 1841 ஜூன் 28 அன்று பாரிசில் அரங்கேறியது. இசை அடோல்ப் ஆதாம். நடன அமைப்பு ஜான் கொராலி, ஜூல் பெரோ. நாயகி கர்லோத்தா கிரீசி. கதையைப் புனைந்தவருள் முதன்மையானவர் தியோஃபில் கோத்தியே என்னும் கவிஞர். இவருக்கும் நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1838இல் கடலூரையடுத்த திருவந்திபுரத்திலிருந்து கோயில் நடனமாதர் சிலர் பாரிசுக்கு அழைத்துச் செல்லப்பட்டு ஆடினர். அவர்களுள் அம்மணி என்ற இளம்பெண்ணின் ஆட்டத்தில் உள்ளம் பறிகொடுத்து எழுதியவர் இதே கோத்தியேதான். மூன்றாண்டுகள் கழித்து அவர் 'ஜிசெல்' கதையைப் புனைந்தார். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் சொல்லவில்லை. நம்மூர்ப் பெண்ணின் ஆட்டத்தை வியந்த கண்களே ஜிசெலையும் கற்பனை செய்தன என்பதை எண்ணி மகிழ்கிறேன், அவ்வளவே. பிற்காலத்தில் பாரிஸ் இப்படைப்பைக் கைவிட்டது. இரஷ்யாவில் மாரியுஸ் பெத்திப்பா பேணிக் காத்ததாலேயே அது பிழைத்தது. 1910இல் தியாகிலெவின் குழு அதனை மீண்டும் பாரிசுக்குக் கொணர்ந்தது.

சரி, ஒரு நடனமணியை எதைக் கொண்டு அளப்பது? பெரும்பாலோர் முதல் அங்கத்தின் சித்தக் கலக்கக் காட்சியையே உரைகல்லாகக் கொள்வர். கூந்தல் அவிழ, கண்கள் வெறிக்க, முன்பு இதழ் இதழாகக் கிள்ளிப் பார்த்த மலரை வெறுங்கையில் மீண்டும் கிள்ளும் அக்காட்சி கல்நெஞ்சையும் கரைக்கும். ஆயினும், அழவைப்பது அத்துணை அரிதன்று என்பது என் கருத்து. அரிது இரண்டாம் அங்கம். அங்கே பேச்சில்லை; கண்ணீரில்லை; முகபாவத்திற்கும் இடம் குறைவு, ஏனெனில் அவள் இப்போது ஆவி. 'நான் உன்னை மன்னித்தேன்' என்பதைத் தோளாலும், கழுத்தின் சாய்வாலும், காற்றில் கரையும் விரல்களாலும் சொல்லவேண்டும். மன்னிப்பை நடித்துக் காட்ட முடியுமா? இக்கேள்விக்கு ஒவ்வொரு நடனமணியும் ஒவ்வோர் இரவும் புதிதாக விடையளிக்கிறாள். அவ்விடையைக் கேட்கவே நான் மீண்டும் மீண்டும் செல்கிறேன்.

கலீனா உலானொவா 1956இல் மாஸ்கோவின் பல்ஷோய் குழுவுடன் இலண்டன் வந்து ஆடியபோது அவருக்கு வயது 46. அப்போது எடுக்கப்பட்ட திரைப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது. இளமையை அவர் வேடமாகப் பூசிக்கொள்ளவில்லை. மேடையைக் கடந்து ஓடுகிறார், அவ்வளவுதான். அந்த ஓட்டத்திலேயே பதினெட்டு வயது வந்துவிடுகிறது. இரண்டாம் அங்கத்தில் அவர் ஆல்பிரெக்டை ஏறெடுத்து நோக்கும் தருணங்கள் மிகச் சில. செய்த உதவியைக் காட்டிக்கொள்ளாத தாயின் அடக்கம் அது.

கியூபாவின் அலிசியா அலோன்சோ வேறு வகை. இளம்வயதிலேயே விழித்திரை பழுதுபட்டு, அறுவை மருத்துவத்திற்குப் பின் கண்கள் கட்டப்பட்ட நிலையில் அசையாமல் பல மாதங்கள் படுத்திருந்தவர். படுக்கையில் இருந்தபடியே விரல்களைக் கால்களாக்கி 'ஜிசெல்' முழுவதையும் மனத்துள் ஆடிப் பயின்றார். 1943இல் நியூயார்க்கில், உடல்நலம் குன்றிய அலிசியா மார்க்கோவாவுக்கு மாற்றாக மேடையேறினார். அன்று தொடங்கி அப்பாத்திரம் அவருடையதாயிற்று. மங்கிய பார்வையுடன், மேடை விளக்குகளின் ஒளியை அடையாளமாகக் கொண்டு பல பத்தாண்டுகள் ஆடி, 2019இல் 98ஆம் வயதில் மறைந்தார். 1963இல் வந்த கியூபத் திரைப்படத்தில் அவருடைய ஜிசெல் உலானொவாவைப்போல் மென்மையானவள் அல்லள், உறுதி மிக்கவள். மன்னிப்பு என்பது நெகிழ்ச்சி மட்டுமன்று, மனவலிமையும்கூட என்பதை அவரிடம் கற்றேன்.

ஆயினும் என் உள்ளத்திற்கு மிக நெருங்கியவர் மிலான் நகரின் கார்லா பிராச்சி. டிராம் வண்டி ஓட்டுநரின் மகள், லா ஸ்காலா அரங்கின் பள்ளியில் பயின்று உலகப் புகழ் எய்தியவர், 2021இல் காலமானார். டென்மார்க்கின் எரிக் புரூனுடன் அவர் ஆடிய 1969ஆம் ஆண்டுத் திரைப்படத்தை முடிந்தால் பாருங்கள். உழைப்பாளர் வீட்டுப் பெண் சீமாட்டியின் ஆடையைத் தொட்டுப் பார்க்கும் கூச்சம் எத்தகையது என்று அவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை போலும்!

ஆடவரை மறத்தலாகாது. 1962 பிப்ரவரி 21 அன்று இலண்டனில் 42 வயது மார்கோ பான்டெயினும் 23 வயது ருடால்ப் நுரியெவும் முதன்முறை இணைந்து ஆடியது இதே 'ஜிசெல்'தான். பெண்ணைத் தூக்கி இறக்கும் துணைவனாகப் பலர் எண்ணிய ஆல்பிரெக்டை, தன் பாவத்தின் சுமையை உணரும் மனிதனாக நுரியெவ் காட்டினார். இங்கே இன்றைய கலைஞர்மீதும் ரசிகர்மீதும் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. இறுதிக் கட்டத்தில் ஆல்பிரெக்ட் நின்ற இடத்திலேயே மேலெழும்பி, காற்றில் கால்களைக் குறுக்கிட்டுப் பிரித்து, மீண்டும் மீண்டும் துள்ளுவான். அரங்கம் அதை எண்ணத் தொடங்கிவிடுகிறது. எண்ணிக்கை கூடக்கூடக் கைதட்டல் பெருகுகிறது. அவன் ஆடுவது வித்தையா? அது தண்டனையன்றோ! சாகும்வரை ஆட விதிக்கப்பட்டவன் புன்னகையோடு துள்ளினால் கதை எங்கே போயிற்று? இன்றைய நடனமணியரின் உடற்பயிற்சி முன்னோரினும் மிக்கது. கால் காதருகே உயர்கிறது. வியக்கிறேன். ஆனால் ஆவிக்கு உயரம் எதற்கு, நிசப்தமல்லவா வேண்டும்?

நிசப்தம் என்றதும் குழு நடனம் நினைவுக்கு வருகிறது. வெண்ணுடை தரித்த விலிகள் இருபதுக்கும் மேற்பட்டோர், ஒற்றைக்காலில் நின்று மறுகாலைப் பின்னே நீட்டியவாறு, இரு பக்கமிருந்தும் எதிரெதிராக மேடையைக் கடப்பர். கண்ணுக்கு அது மூடுபனி. காதுக்கோ, கடினமான நுனி கொண்ட காலணிகள் பலகையில் மோதும் 'தட தட' ஓசை. அதைத் தணிக்கவே நடனமணியர் புதுக் காலணிகளைச் சுவரிலும் தரையிலும் அடித்து மென்மையாக்குவர். பெயர் அச்சாகும் நாயகிக்கு ஒரு சறுக்கல் மன்னிக்கப்படும். பெயர் தெரியாத இவர்களுள் ஒருத்தி அரை நொடி பிந்தினாலும் முழுச் சித்திரமும் சிதையும். ஒரு குழுவின் தரத்தை நாயகியைக் கொண்டு அளவிடாதீர்கள். கடைசி வரிசையில் ஓரத்தில் நிற்கும் பெண்ணைக் கொண்டு அளவிடுங்கள்.

அரங்கு செல்வோர்க்கு என் அனுபவத்தில் கண்ட சிலவற்றையும் சொல்கிறேன். முதன்முறை செல்பவர் மேல்மாடத்திலேயே அமரட்டும். மலிவு என்பதற்காக மட்டுமன்று. அங்கிருந்தே குழு நடனத்தின் கோலம் முழுமையாகப் புலப்படும். முகங்களை அடுத்த முறை அருகிலிருந்து காணலாம். நாயகி மாறிவிட்டாள் என்ற அறிவிப்பைக் கேட்டு முணுமுணுக்கும் கூட்டத்தில் சேராதீர்கள். அலோன்சோவும் ஒருநாள் மாற்றாகத்தான் வந்தார். இன்னொன்று: முதல் அங்கத்தின் முடிவில் மாண்ட ஜிசெல், உடனே திரைக்கு முன் வந்து சிரித்து வணங்கும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அவள் கல்லறைக்குச் செல்லட்டும். நாம் சற்றுத் துயருறுவோம்.

இனி, இப்படைப்பின் உயிர்நாடி. விலிகளின் அரசி மிர்த்தா சாவுத் தீர்ப்பிட்டவுடன், ஜிசெல் ஆல்பிரெக்டைத் தன் கல்லறைமீதுள்ள சிலுவையின் அடியில் நிறுத்தி, கைகளை விரித்து முன்னே நிற்கிறாள். சிலுவையின்முன் அரசியின் மந்திரக்கோல் முறிந்துபோகிறது. அங்கேயே அவன் நின்றிருந்தால் அபாயமில்லை. ஆனால் அரசி ஜிசெலை ஆடுமாறு பணிக்கிறாள். ஜிசெல் ஆடத் தொடங்குகிறாள். வயோலா கருவியின் தனியிசை எழுகிறது. ஆல்பிரெக்ட் அடைக்கலத்தைத் துறந்து அவளோடு ஆடவருகிறான். பலர் இதை மயக்கத்தின் ஈர்ப்பாக ஆடிக் கடந்துவிடுகின்றனர். நான் அவ்விடத்தில் கண்ணிமைப்பதில்லை. முன்பு தன் நலம் காக்கப் பொய்வேடம் பூண்டவன், இப்போது தன் உயிர்க்காப்பை விட்டு வெளியே அடியெடுத்து வைக்கிறான். மனம் திரும்புதல் என்பதற்கு இதனினும் தெளிவான ஓர் அடி நடனத்தில் உண்டோ?

முடிவைப் பற்றி ஒரு வழக்கு இருக்கிறது. இன்று பெரும்பாலான அரங்குகளில், விடியலில் ஜிசெல் மறைய, ஆல்பிரெக்ட் மலர்களைச் சிந்தியவாறு தனியே நிற்கத் திரை விழும். அழகான முடிவுதான். ஆனால் 1841இன் மூலக் கதையில் ஜிசெல் மறையுமுன், தன்னைத் தேடி வரும் பத்தில்டிடம் திரும்பிச் செல்லுமாறு அவனுக்குக் கைகாட்டுகிறாள். 2019இல் அலெக்சி ரத்மான்ஸ்கி பல்ஷோய் அரங்கில் அம்முடிவை மீட்டளித்தார். உணர்ச்சியைக் குறைத்துவிட்டார் என்று குறைகூறுவோர் இருக்கலாம். நானோ அவர் பக்கம். கைவிட்டவனை மன்னிப்பது ஒரு படி. மன்னித்தவனைத் தன் நினைவுக்கே அடிமையாக்கி வைக்காமல், வாழ அனுப்பிவைப்பது அதனினும் உயர்ந்த படி. நம் இல்லங்களிலும் 'மன்னித்துவிட்டேன்' என்று சொன்ன பின்னும், பழைய கடன்சீட்டைக் கிழிக்காமல் பெட்டியில் பூட்டி வைப்போர் எத்தனை பேர்! ஜிசெல் சீட்டையும் கிழித்துவிடுகிறாள்.

ஒன்றுமட்டும் என் மனத்தை இன்னும் உறுத்துகிறது. ஹிலாரியன் பொய் சொல்லவில்லை; உண்மையாகவே அன்பு செய்தான்; அவனுக்காக அக்காட்டில் கை விரித்து நிற்பவர் எவருமில்லை. ஏமாற்றியவன் காக்கப்பட, நேர்மையானவன் மடிகிறான். இதற்கு நாடகம் விடை தரவில்லை. தரும்படி ஆடிய கலைஞரையும் நான் இன்னும் காணவில்லை. அடுத்த முறை திரை உயரும்போது, என் கண்கள் முதலில் அவனைத்தான் தேடும்.