வெறும் பாத்திரம்

பிள்ளைகள் கணிப்பொறியின் முன் அமர்ந்து ஆடும் ஆட்டங்களைப் பற்றி நம் சங்கத்து அன்பர்கள் கூடிப் பேசும்போதெல்லாம் குறை சொல்வதே வழக்கமாகி இருக்கிறது. அண்மைக்காலம் வரை நாங்களும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களே. இந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி அந்தக் கட்சியைச் சற்றே ஆட்டம் காணச் செய்துவிட்டது. எங்களைப் போன்ற பெற்றோருக்குப் பயன்படலாம் என்று அதை இங்கே எழுதுகிறோம்.

எங்கள் மகன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியவன். முடிவு வருவதற்கு முன்பே மேற்படிப்பைப் பற்றி எங்களுக்கும் அவனுக்கும் மனத்தாங்கல் உண்டாயிற்று. பொறியியல் என்று நாங்கள் எப்பொழுதோ தீர்மானித்து வைத்திருந்தோம். அவன் வரலாறு படிக்க வேண்டும் என்றான். "ஊரை விட்டு இத்தனை தொலைவு வந்து நாங்கள் பாடுபடுவது யாருக்காக? உனக்கென்று தனி விருப்பம் எதற்கு? எங்கள் விருப்பமே உன் விருப்பமாக இருக்கட்டும்" என்று ஓர் இரவு கடுமையாகவே சொல்லிவிட்டோம். அவன் மறுமொழி கூறவில்லை. அன்று முதல் உண்ணும் வேளை தவிர மற்ற நேரமெல்லாம் ஓர் ஆட்டமே கதியென்று கிடந்தான்.

அந்த ஆட்டத்தின் பெயர் 'ஹாலோ நைட்'. உள்ளே ஒன்றுமில்லாத வீரன் என்று பொருள் கொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ஆரி கிப்சன், வில்லியம் பெல்லன் என்னும் இருவர் தொடங்கிய 'டீம் செர்ரி' என்ற மிகச் சிறிய குழுவினர் அதை ஆக்கினார்கள். 2014-ஆம் ஆண்டில் அவர்கள் பொதுமக்களிடம் 35,000 ஆஸ்திரேலிய டாலர் உதவி வேண்டினார்கள். 57,000-க்கு மேல் சேர்ந்தது. 2017 பிப்ரவரியில் ஆட்டம் வெளிவந்தது. மேடைக்கு மேடை தாவியும் சுவரைப் பற்றி ஏறியும் செல்லும் இவ்வகை ஆட்டங்களைப் 'பிளாட்பார்மர்' என்கிறார்கள்.

ஒரு மாலை, "இதில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று கேட்டோம். கேட்டது சினத்தால்தான். அவனோ அதை மெய்யான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, நாற்காலியை நகர்த்தி எங்களுக்கு இடம் விட்டான்.

மண்ணுக்கடியில் பாழடைந்து கிடக்கிறது ஹாலோநெஸ்ட் என்னும் பூச்சிகளின் நாடு. வெண்மையான முகமும் இரு கொம்புகளும் உடைய ஒரு சிறு வீரன் அங்கே வந்து சேர்கிறான். அவன் வாய் திறந்து ஒரு சொல்லும் பேசுவதில்லை. அந்நாடு ஏன் அழிந்தது, அவன் யார் என்பதை எவரும் வரிசையாக எடுத்துச் சொல்வதுமில்லை. கல்லில் பொறித்த எழுத்துகளிலும், இறந்தோரின் கனவுகளிலும், சுவருக்குப் பின்னே மறைந்த அறைகளிலும் ஆடுபவனே தேடிக் கண்டுகொள்ள வேண்டும். தேடாதவன் கதையின் பெரும்பகுதியை அறியாமலே ஆட்டத்தை முடித்துவிடக்கூடும். சிதைந்தவற்றிலிருந்து நடந்ததை உணரும் இந்த வேலைக்கும், வரலாறு படிக்க விரும்பும் மனத்துக்கும் உறவு உண்டு என்பது எங்களுக்குப் பிறகுதான் தோன்றிற்று.

ஆட்டத்தில் தமிழ் இல்லை. அவன் ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்ல முயன்றான். இடையிடையே சொல் கிடைக்காமல் தடுமாறினான். கனவின் வழியே புகுந்து அறிவை அழிக்கும் ஒரு நோய் நாடெங்கும் பரவியதாம். அதை அடைத்து வைப்பதற்கு, "ஒரு வெஸ்ஸல் வேண்டும் அப்பா, பாத்திரம்" என்றான். அரசன் தன் மக்களையே இருளிலிருந்து பாத்திரங்களாகப் பிறப்பித்தான். தகுதியற்றவை என்று கருதியவற்றைப் படுகுழியிலே விட்டுவிட்டு, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து வளர்த்தான். "அதற்கு எண்ணம் இருக்கக் கூடாது, விருப்பம் இருக்கக் கூடாது, குரலும் இருக்கக் கூடாது. உள்ளே ஒன்றும் இல்லாமல் வெறுமையாக இருந்தால்தான் நோய் வெளியே வராது."

விருப்பம் இருக்கக் கூடாது என்று அவன் சொன்னபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அரசனின் வெண்மாளிகையில், உடைத்தால் மட்டுமே வழிவிடும் சுவர் ஒன்றுக்கு அப்பால் மறைவான பாதை ஒன்று இருக்கிறது. துன்பப் பாதை என்றே அதற்குப் பெயர் வழங்குகிறது. சுழலும் வாள்சக்கரங்களும் முட்களும் நெருங்கிய அவ்வழியில் கால் ஊன்ற இடம் அரிது. ஆணிபோன்ற தன் வாளால் கீழே சுழலும் சக்கரத்தையே அடித்து, அந்த விசையால் மேலே எழும்பிச் செல்ல வேண்டும். முள் தீண்டினால் உயிரில் ஒரு பங்கு குறையும். முன்பு நின்ற இடத்திற்கே திரும்ப நேரும். எங்கள் மகன் மூன்று மாலைகள் போராடினான். முதல் மாலை நாங்கள் அலுப்புடன் பார்த்தோம். மூன்றாம் மாலை, அவன் தவறும் ஒவ்வொரு தடவையும் எங்கள் வாயிலிருந்தே "அடடா" என்ற சொல் வந்தது.

இறுதியில் இரண்டு காவலரையும் வென்று முடித்தான். புதிய ஆயுதம் கிடைக்கும், பெரும்பொருள் கிடைக்கும் என்று காத்திருந்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை, குறிப்பேட்டில் ஒரு பதிவு சேர்ந்தது, அவ்வளவே. ஆனால் திரையில் ஒரு காட்சி தோன்றியது. அரசனும், தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தச் சிறு பிள்ளையும் அருகருகே நிற்கிறார்கள். பிள்ளை தந்தையைப் பார்க்கிறது. தந்தை பிள்ளையைப் பார்க்கிறான். பேச்சு இல்லை. சில நொடிகளில் காட்சி மறைந்தது.

"இவ்வளவுதானா?" என்று கேட்டோம்.

"இதுதான் அம்மா எல்லாம்" என்றான். அரசனுடைய திட்டம் ஏன் தோற்றது என்பதற்கு விடை இங்கேதான் மறைந்திருக்கிறதாம். தேர்ந்தெடுத்த பாத்திரம் மாசுபட்டுவிட்டது என்று அரசி வேறோர் இடத்தில் குறிப்பாகச் சொல்கிறாள். அந்த மாசு இந்தப் பார்வைதான் என்பது எங்கள் மகன் கண்ட பொருள். வெறுமையாக இருக்க வேண்டிய பிள்ளையின் நெஞ்சில் தந்தையின்மீது அன்பு உண்டாகிவிட்டது. தந்தைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் அவன் அந்தச் சுமையைப் பிள்ளைமேல் ஏற்றினான்.

அன்றிரவு நாங்கள் வெகுநேரம் உறங்கவில்லை. பாத்திரம் என்ற சொல்லைத் தற்செயலாகத்தான் அவன் எடுத்தான். ஆனால் அது எவ்வளவு பொருந்திவிட்டது! பொருளை இட்டு வைக்கும் கலமும் பாத்திரம். கதையில் உலவும் மாந்தரும் பாத்திரம். அன்புக்கு உரியவரை 'அன்புக்குப் பாத்திரமானவர்' என்றும் நம் மொழி சொல்லும். அரசன் முதற்பொருளை மட்டும் எண்ணிப் பிள்ளையை வளர்த்தான். மூன்றாம் பொருள் அவனை மீறி வந்துவிட்டது. நாங்களும் எங்கள் அச்சத்தையும் எங்களுக்குக் கிட்டாமற்போனவற்றையும் இட்டு வைக்க ஒரு கலம் தேடினோம் போலும். அந்தக் கலத்துக்கு விருப்பம் இருக்கலாகாது என்று வாய்விட்டுச் சொன்னவர்களும் நாங்களே. அதை அவன் மறந்திருப்பான் என்று எண்ணுவதற்கில்லை.

ஆட்டங்கள் எல்லாம் நல்லவை என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அவன் கண் சிவக்க ஆடிய நாட்களும் உண்டு. அதற்காகக் கண்டித்ததும் உண்டு. ஆயினும் அவன் பக்கத்தில் அமராமலே அந்த மூன்று மாலைகளையும் கழித்திருந்தால், அவன் எதைத் தேடுகிறான் என்பது எங்களுக்குத் தெரிந்தே இராது.

கல்லூரி விண்ணப்பம் இன்னும் மேசைமேல் இருக்கிறது. எந்தப் பாடம் என்ற இடம் நிரப்பப்படவில்லை. மறுநாள் காலை அதை அவன் முன்னே வைத்து, "நீ சொல்" என்றோம். அவன் உடனே ஒன்றும் சொல்லவில்லை. தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தான். நாங்களும் அவனைப் பார்த்தோம்.