கண்மாய்ப் பாசியும் ரூபிஸ்கோவின் தடுமாற்றமும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆற்றுப் பாசனம் குறைவு. அறந்தாங்கிப் பக்கம் கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் எட்டிப் பார்க்கும். மற்ற ஊர்களுக்குப் பெரும்பாலும் கண்மாயும், கிணறும், வானத்து மழையும்தான். அந்தக் கண்மாய்களிலும் நெல் வயல்களிலும் வெயில் ஏற ஏறப் பச்சையாய்ப் படரும் பாசியை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. துணி துவைக்க வருபவர்கள் கையால் ஒதுக்கிவிட்டுத் தண்ணீர் மொள்வார்கள், அவ்வளவுதான்!

அதில் ஒரு வகை நீலப்பச்சைப் பாசி. பெயர்தான் பாசி. உண்மையில் அது ஒரு பாக்டீரியா, சயனோபாக்டீரியா. இந்தக் கூட்டத்தில் சில இனங்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நெல்லுக்கு உரமாக்குகின்றன என்பதை 1939இல் பி. கே. டே எடுத்துக் காட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட 'சயனோஃபைட்டா' நூல் இன்றும் இத்துறையில் அடிப்படை நூல். பக்கத்துத் திருச்சியில், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், கடல்வாழ் சயனோபாக்டீரியாவுக்கென்றே 1991இல் ஒரு தேசிய மையம் தொடங்கப்பட்டது.

இந்தப் பாசிக்கு ஒரு தீராத தலைவலி உண்டு. அதன் பெயர் ரூபிஸ்கோ.

கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரை தயாரிக்கும் வேலையைத் தொடங்கி வைக்கும் நொதி ரூபிஸ்கோ. ஆனால் இதற்குக் கரியமில வாயுவையும் ஆக்சிஜனையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சில சமயம் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். நெல் போன்ற பயிர்களில் இது ஏறக்குறைய நான்கு தடவைக்கு ஒரு தடவை நடக்கிறது. அப்போது உண்டாகும் பாஸ்போகிளைக்கோலேட் செல்லுக்கு ஆகாத பொருள். தேங்கினால் சர்க்கரை வேலையில் உள்ள மற்ற நொதிகளையே முடக்கிவிடும். அதைப் பிரித்து, மீண்டும் பயன்படும் பொருளாக மாற்றும் வேலைக்குத்தான் ஒளிச்சுவாசம் என்று பெயர்.

சரி, பாசிக்கு இது தேவையா? தேவையில்லை என்றுதான் வெகுகாலம் பலர் நினைத்தார்கள். காரணம் உண்டு. தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டைப் பாசி உள்ளே இழுத்துக்கொள்ளும். கார்பாக்சிசோம் என்ற சின்னஞ்சிறு அறைக்குள் அதைக் கரியமில வாயுவாக்கி, அங்கேயே அடைத்து வைத்திருக்கும் ரூபிஸ்கோவுக்குக் கொடுக்கும். அதனால் ரூபிஸ்கோ தவறுவதற்கு வாய்ப்பு குறைவு என்பது கணக்கு.

இந்தக் கணக்கு 2008இல் மாறியது. ஜெர்மனியின் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரியான் ஐசன்ஹட், மார்ட்டின் ஹேகமன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சினெகோசிஸ்டிஸ் என்ற நன்னீர்ச் சயனோபாக்டீரியாவை எடுத்துக்கொண்டார்கள். அதில் கிளைக்கோலேட்டைக் கையாள மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, செடிகளில் உள்ளது போல கிளைசின் வழியாகச் செல்வது. இரண்டாவது, பாக்டீரியாக்களுக்கே உரிய கிளிசரேட் வழி. இந்த இரண்டிலும் நான்கு கார்பனுக்கு மூன்று திரும்பக் கிடைக்கும், ஒன்று கரியமில வாயுவாகப் போகும். மூன்றாவது வழியில் எல்லாமே கரியமில வாயுவாகிவிடும். லாபம் இல்லை, ஆனால் நஞ்சு ஒழியும். மூன்றையும் அடைத்தபோது, அந்தப் பாசியால் சாதாரணக் காற்றில் வளர முடியவில்லை! கரியமில வாயுவைக் கூடுதலாகக் கொடுத்தால்தான் பிழைத்தது. எவ்வளவு நல்ல சேமிப்பு அறை இருந்தாலும், துப்புரவு வேலை இல்லாமல் குடித்தனம் நடக்காது என்பது தெளிவானது.

இப்போது சித்திரை மாத நண்பகலில் ஒரு கண்மாயை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் வற்றி, வெதுவெதுப்பாகி, பாசி மண்டிக் கிடக்கும். ஒளிச்சேர்க்கை வேகத்தில் கரியமில வாயு தீர்ந்து, காரத்தன்மை கூடி, ஆக்சிஜன் நிறைந்திருக்கும். ரூபிஸ்கோ தடுமாற இதைவிட நல்ல சூழல் எது? அந்த நேரத்தில்தான் இந்த நொதிகளுக்கு வேலை அதிகம்.

வயலில் நிற்கும் நெல்லுக்கும் இதே கதைதான். மழை பொய்த்தால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். உள்ளே கரியமில வாயு குறையும், ஒளிச்சுவாசம் கூடும், பிடித்த கார்பனில் ஒரு பங்கு வீணாகும். நெல்லின் பசுங்கணிகமே ஆதியில் ஒரு சயனோபாக்டீரியாவிலிருந்து வந்ததுதானே! ஆனால் கார்பாக்சிசோம் மட்டும் அதனிடம் இல்லை.

இந்த இழப்பைக் குறைக்க முயற்சிகள் நடக்கின்றன. பாசியின் இரண்டாவது வழியைப் போன்ற ஒன்றை ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து எடுத்து, 2007இல் அராபிடாப்சிஸ் செடியில் வைத்தார்கள். செடி நன்றாக வளர்ந்தது. 2019இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், வேறொரு குறுக்குவழி பொருத்திய புகையிலை, வயலிலேயே 40 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக வளர்ந்தது. நெல்லிலும் ஆய்வுகள் தொடர்கின்றன.

மழையை மட்டும் நம்பி விதைக்கும் மாவட்டத்துக்கு இது வெறும் ஆய்வுக்கூடச் செய்தி அல்ல. தப்பே செய்யாத ரூபிஸ்கோ இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை. தப்பின் செலவைக் குறைக்கும் வித்தை மட்டும் கண்மாய்ப் பாசிக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தெரிந்திருக்கிறது.