கொம்பு ஊதும் பேக்கரிக்காரர்

பம்மல்

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய படம் கண்ணாடி உடையாமல் வந்து சேர்ந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து ஃபிரேமோடு அனுப்புவார்களாடி? வெறும் தாளைச் சுருட்டி அனுப்பியிருந்தால் பல்லாவரத்தில் பாதிக் காசில் ஃபிரேம் போட்டிருப்போமே. உனக்குக் கை எப்போதும் தாராளம்தான்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நம் பேக்கரி கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் நடத்துகிறார். ஹார்லெம் ஊர் அட்ரியான் வான் ஓஸ்டாடே, 1664 வாக்கில் செப்புத் தகட்டில் கீறி அச்சடித்ததாம். நாகல்கேணி தோல் ஷெட்டுக்குப் போகிற ஆட்கள் காலையில் டீயில் பொறையைத் தோய்த்துக்கொண்டே கேட்கிறார்கள், பாவம்!

எனக்கும் பிடிக்காமல் இல்லை. வாசல் கதவின் மேல்பாதியைத் திறந்து வைத்து, கீழ்ப்பாதி மேல் சாய்ந்துகொண்டு அந்த மனுஷன் கொம்பு ஊதுகிறாரே, அந்தச் சாய்வு அப்படியே உங்கப்பா. சூடாக ரொட்டி இறங்கிவிட்டது என்று தெருவுக்குச் சொல்லத்தான் ஊதுவார்களாமே? கடை வைக்கும் முன் அப்பா சைக்கிளில் தகரப்பெட்டி கட்டி, சங்கர் நகர் முழுக்க பாம் பாம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு பன் விற்றது உனக்கு நினைவிருக்கும். அந்த ரப்பர் பந்தை ஓட்டையாக்கியதே நீதானே.

படத்து மனுஷன் அங்கே கொம்பு ஊதிய காலத்தில் டச்சுக் கம்பெனிக்காரர்கள் இங்கே பழவேற்காட்டில் உட்கார்ந்து நம் நெசவாளர்களின் துணியைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். 1613-லேயே கெல்ட்ரியா கோட்டை கட்டியாகிவிட்டது. படகு பார்க்கப் போன நாம் டச்சுக் கல்லறைக்குள் நுழைந்தோமே, வாசலில் செதுக்கியிருந்த எலும்புக்கூடுகளைப் பார்த்து என் முந்தானைக்குள் ஒளிந்தாய். இப்போது அந்த நாட்டிலேயே குடும்பம் நடத்துகிறாய்!

ஒரு குறை மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ அனுப்பிய படத்தில் அந்த மனுஷன் கடையில் தனியாகவே நிற்கிறார். மாவு பிசைந்தது யார், சில்லறை எண்ணியது யார்? அப்பாவிடம் கேட்டேன், சிரித்து மழுப்பினார். தம்பிதான் போனில் தேடி வேறொரு படத்தைக் காட்டினான். யான் ஸ்டேன் 1658-ல் வரைந்த வண்ண ஓவியம். லெய்டன் ஊர் பேக்கரிக்காரர் ஆரென்ட் ஓஸ்ட்வார்ட், பக்கத்தில் அவர் சம்சாரம் கத்தரீனா, கையில் பெரிய ரஸ்க். கொம்பு ஊதும் வேலையை ஒரு பையனிடம் விட்டுவிட்டார்கள். கடை என்றால் இதுதான் கடை. படத்தின் பின்னால் ஒட்டியிருந்த பழைய சீட்டில் அந்தம்மா பேரும் இருந்ததாம். நம் போர்டில் என் பேர் இருக்கிறதா என்று யோசித்துப் பார். அந்தப் படம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில்தான் இருக்கிறது. குட்டியைக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, அந்த ரஸ்க் எவ்வளவு தடிமன் என்று எழுது. நம் மெஷினில் அவ்வளவு மொத்தமாக வெட்ட வராது.

குளிரில் காதைக் கட்டாமல் வெளியே போகாதே. குட்டியோடு வீட்டுக்குள்ளாவது தமிழில் பேசுங்கள். போனில் நான் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறான்.

கடைசியாக ஒன்று. அப்பாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, ரொட்டி அடுப்புக்கு முன்னால் நெடுநேரம் நிற்க முடியவில்லை. தம்பி கடையை மொபைல் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டுவிடலாம் என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் காலையில் ஷட்டரைத் தூக்காவிட்டால் உங்கப்பா படுத்துவிடுவார், அது எனக்குத் தெரியும். ஒரு மாஸ்டரைச் சம்பளத்துக்குப் போட்டு, மாவு கணக்கை நான் பார்த்துக்கொண்டால் இன்னும் சில வருஷம் ஓட்டலாம். நான் சொன்னால் தம்பி கேட்க மாட்டான், நீதான் போன் போட்டுப் பேச வேண்டும். அப்பாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா