எட்டு மணி நெரிசல்

அரிசியும் சீமெந்தும் காஸ் சிலிண்டரும் யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவுக்கு வருவதென்றால் குறிகட்டுவான் துறையில் படகேற வேண்டும். இணையத்துக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஜன்னலோரம் வைத்த ரவுட்டர் அதை வளியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மாதக் கடைசியில்தான் வீட்டில் பிரச்சினை கிளம்பும். "உவன்தான் விடிய விடிய யூடியூப் பார்த்து டேட்டாவை முடிச்சவன்" என்பார் அக்கா. "நான் என்னத்தைப் பார்த்தனான்? நீங்கள்தானே கனடாவோடை கதைச்சுக்கொண்டே இருக்கிறியள்" என்று தம்பி திருப்பிக் கொடுப்பான்.

தீர்ப்புச் சொல்ல வேண்டியது இணையம் தருபவரின் கணக்கு. அது எப்படி எழுதப்படுகிறது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஒரு பேச்சுக்கு, தீவில் ஒருவர் கோபுரம் நட்டு நூறு வீடுகளுக்குக் கம்பியில்லா இணையம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உலகெங்கும் இப்படிப்பட்ட சிறு வழங்குநர்கள் பலர் நம்பியிருப்பது ரேடியஸ் என்ற முறையை. இன்றைக்கும் புழக்கத்திலுள்ள அதன் கணக்கு விதிகள் 2000 ஜூனில் வெளியானவை. வாடிக்கையாளர் இணைந்ததும் கோபுரத்தடிக் கருவி தொடக்கக் குறிப்பு ஒன்றை அனுப்பும். துண்டித்ததும் முடிவுக் குறிப்பு போகும். எத்தனை பைட் வந்தது, எத்தனை போனது என்பது அதில் இருக்கும். முடிவுக் குறிப்பு புறப்படுமுன் கோபுரத்தடியில் கரண்ட் நின்றுபோனால் அந்தப் பாவனை கணக்கில் ஏறாது. அதனால் விபரம் தெரிந்தவர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இடைக்குறிப்பும் அனுப்ப வைப்பார்கள். தேசிய மின்வலையோடு இணையாமல் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பி வந்த தீவில் இதைத் தவிர்க்க முடியாது.

இன்னொரு பொறி அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பைட்டுகளை எண்ணும் புலம் 32 பிட் அகலமானது. 429 கோடியே 49 லட்சத்தைத் தாண்டியதும் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். எத்தனை தடவை சுற்றியது என்று சொல்ல வேறொரு புலம் உண்டு. அதைக் கவனிக்காத மென்பொருளில், ஒரே அமர்வில் 5 ஜிபி இறக்கியவர் 0.7 ஜிபி மட்டும் பாவித்தவராகத் தெரிவார். அவர் முறைப்பாடு செய்யப்போவதில்லை, நட்டம் வழங்குநருக்கு. மறுபக்கம், ஜிபி என்பதை ஆயிரத்தால் பெருக்குவதா, 1024ஆல் பெருக்குவதா என்பதில் மட்டும் 7 வீதத்துக்கு மேல் வித்தியாசம் வரும். ஃபோன் ஒரு எண்ணும் கம்பனி வேறொரு எண்ணும் காட்டுவதற்கு இது போதும். எல்லா நேரமும் களவு அல்ல.

இவ்வளவு கவனமாக எண்ணினாலும், எண்ணப்படும் பொருள் சரியானதுதானா என்ற கேள்வி மிஞ்சுகிறது.

நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு ஒன்று 30 நாள் ஓயாமல் ஓடினால் 32,400 ஜிபி கொண்டுவரும். நூறு வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 324 ஜிபி. தாராளம்தான். ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு ஓடாமல் கிடந்த திறனைச் சேமித்து வைத்து இரவு எட்டு மணிக்கு எடுக்க முடியாது. எட்டு மணிக்கு நூறு வீடும் சேர்ந்து திறந்தால் ஒவ்வொன்றுக்கும் 1 மெகாபிட். நயினாதீவில் எட்டு மணி என்பது கோடைகாலத்தில் ரொறன்ரோவில் காலை பத்தரை, லண்டனில் பிற்பகல் மூன்றரை. ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு ஊரிலும் பிள்ளைகள் வீட்டில்தான். வீடியோ அழைப்பில் முகம் உறைந்து நிற்பது ஜிபி முடிந்ததால் அல்ல. குறிகட்டுவானில் மாதம் முழுக்க எத்தனை பேர் படகேறினார்கள் என்ற தொகை, திருவிழாக் காலையில் துறையில் நிற்பவருக்கு என்ன சொல்லும்?

இலங்கைக் கம்பனிகளுக்கும் இது தெரியும். எந்நேர டேட்டா, நள்ளிரவுக்குப் பிந்திய டேட்டா என்று இரண்டாகப் பிரித்து விற்பது அதனால்தான். அலாரம் வைத்து எழும்பிப் படம் இறக்கிய மாணவர்கள் இந்தப் பொருளாதாரத்தைப் பாடமாகப் படிக்காமலே அறிந்தவர்கள்.

கம்பியில்லா இணைப்பில் தூரமும் சேர்ந்துகொள்கிறது. கோபுரத்தடி வீட்டோடு கருவி நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பேசுகிறது, பனங்கூடலுக்குப் பின்னாலுள்ள வீட்டோடு 5 மெகாபிட்தான் முடிகிறது என்று கொள்வோம். முதல் வீட்டுக்கு 1 ஜிபி அனுப்ப 160 விநாடி. இரண்டாவது வீட்டுக்கு ஏறத்தாழ 27 நிமிடம். அவ்வளவு நேரமும் கோபுரத்தின் வளி அவருக்காகவே பிடிபட்டிருக்கும். பில்லில் இருவருக்கும் ஒரே 1 ஜிபி. கூடப் பாவிப்பவர் என்று முன்வீட்டுக்காரரைக் குறைசொல்வதைவிட, பின்வீட்டுக் கூரையில் அன்ரெனாவை இரண்டு அடி உயர்த்துவது ஊருக்கே வேகம் கூட்டக்கூடும்.

எந்த நேரத்தில் இணைப்பு நெரிகிறது என்பதை ஊரறியக் காட்டியவர் தோபியாஸ் ஊட்டிக்கர். இங்கிலாந்தின் லெஸ்ரரிலுள்ள டி மொண்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்கு வெளியுலகோடு இருந்தது 64 கிலோபிட் இணைப்பு ஒன்றுதான். 1995இல் அவர் எழுதிய எம்ஆர்டிஜி என்ற நிரல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த இணைப்பின் எண்ணிக்கையை வாசித்துக் கோடாக வரைந்தது. யார் பார்த்தாலும் எப்போது நெரிசல் என்று தெரிந்தது. பின்னர் உலகெங்கும் சிறிய பெரிய வழங்குநர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டின் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லி பல்கலைக்கழகத்தினரும் கிராமத்துக் கண் பரிசோதனை நிலையங்களைத் தொலைதூர வைபையால் இணைத்தபோது, வைத்தியர் திரையில் நோயாளியைப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்கள் தடங்கலில்லாமல் ஓடுவதே முக்கியமாக இருந்தது. அங்கேயும் வட இந்தியாவின் தரம்சாலாவிலும் கிடைத்த அனுபவத்தை அவர்கள் 2008இல் எழுதினார்கள். பழுதுகளுக்குப் பெரும் காரணமாக அவர்கள் கண்டது சீரற்ற மின்சாரம்.

நெடுந்தீவு, அனலைதீவு, நயினாதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்திய அரசின் நன்கொடை 1 கோடியே 10 லட்சம் டொலர். மின்சாரம் சீரானால் கோபுரத்துக்கும் நன்மை, கணக்குக்கும் நன்மை. கரண்ட் போய் அறுந்த இணைப்பு எது, தீவுக் கோயிலின் ஆனித் திருவிழாக் கூட்டத்தின் ஃபோன்களுக்கு நடுவே திணறிய இணைப்பு எது என்று குறிப்புகளில் பிரித்துப் பார்க்கலாம். பிறகு பில்லோடு இன்னொரு தாளும் கொடுக்கலாம்: மாதத்தின் ஜிபி ஒரு பக்கம், மாலை ஏழு முதல் பத்துவரை வீட்டுக்கு உண்மையில் கிடைத்த வேகம் மறுபக்கம்.